முழு சஸ்பென்ஷன் மலைச் சைக்கிளின் எடையைக் குறைக்க எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: சாங்கிப் படகுத்துறை

எல்லாருக்கும் வணக்கம். என் எடை 54 கிலோ. என் சைக்கிள் பெடலோடு சேர்த்து 15.7 கிலோ. என் உடம்பு எடையில் 29 விழுக்காடு உள்ள ஒரு வண்டியை நான்தான் மேடேற்றியாக வேண்டும்.

செகண்ட்ஹேண்டில் வாங்கிய வண்டி. அலுமினிய ஃபிரேம், எஸ் சைஸ், 29 அங்குலச் சக்கரம், முன்னால் 150, பின்னால் 140 மில்லிமீட்டர் டிராவல் (சஸ்பென்ஷன் அமுங்கும் தூரம்), ஷிமானோ டியோர் 12 கியர். விற்றவர் என்னைவிட முப்பது கிலோவாவது கூடுதலான ஆள். பெரும்பாலும் பைக் பார்க்குகளில் இறக்கம் ஓட்டியவர். நான் ஓட்டுவது சிங்கப்பூரில், செஸ்ட்நட், புக்கித் தீமா மலைச் சைக்கிள் பாதைகளில். அவ்வப்போது படகில் உபின் தீவுக்குப் போய் கெத்தாம் பாதையிலும் ஓட்டுவேன்.

இரண்டு இடத்தில் எடை என்னைப் படுத்துகிறது. ஒன்று, குட்டைக் குட்டையான செங்குத்து மேடுகள். வளைவில் வேகம் குறைந்து, உடனே வேர்கள் குறுக்கிடும் ஒரு ஏற்றம் வந்தால் வண்டி கிளம்பவே மாட்டேன் என்கிறது. இன்னொன்று, சாங்கியில் படகில் ஏற்றுவது. ஒவ்வொரு தடவையும் படகுக்காரரோ பக்கத்தில் நிற்பவரோ கை கொடுக்க வேண்டியிருக்கிறது. அதை நானே தனியாகத் தூக்கி வைக்க வேண்டும். இதுதான் என் ஆசை.

ஒவ்வொன்றாகக் கழற்றி சமையல் தராசில் நிறுத்தேன். முன் டயர் அசெகாய் 2.5, டபுள் டவுன் பக்கச்சுவர், மேக்ஸ்கிரிப் ரப்பர்: 1,290 கிராம். பின் டயர் மினியன் டி.எச்.ஆர். 2, அதுவும் டபுள் டவுன்: 1,250. இரண்டுக்குள்ளும் குஷ்கோர் நுரை வளையம், ஒன்று 260 கிராம். பெடல் ஜோடி 430. லாக்-ஆன் (போல்ட் போட்டு இறுக்கும்) கிரிப் 110. ஃபோர்க் (முன்சக்கரத்தைப் பிடிக்கும் சஸ்பென்ஷன்) 2.3 கிலோ. சக்கரங்கள் டயர் இல்லாமல் 2.2 கிலோ. கேசட்டைக் (பின் பற்சக்கர அடுக்கு) கழற்றக் கருவி இல்லை, அதை நிறுக்கவில்லை.

என் தோழியின் கார்பன் வண்டி 11 கிலோ. அதைத் தூக்கிப் பார்த்ததிலிருந்து தூக்கம் போய்விட்டது. கையில் 600 வெள்ளி இருக்கிறது. கார்பன் சக்கரத்துக்குச் சேர்த்து வைக்கட்டுமா? டைட்டானியம் போல்ட் போடட்டுமா? ட்ராப்பரை (ஓட்டும்போதே சீட்டை இறக்கி ஏற்றும் சீட்போஸ்ட்) கழற்றிவிட்டுச் சாதாரண சீட்போஸ்ட் போட்டால் எவ்வளவு மிச்சமாகும்?

பதில்: வேகவளைவு

ட்ராப்பர் கிட்டத்தட்ட 600 கிராம் இருக்கும். கார்பன் சீட்போஸ்ட் 200 கிராம். ஒரே மாற்றத்தில் 400 கிராம் போய்விடும். கேபிள், கைப்பிடி லீவர் எல்லாம் போனால் இன்னும் கொஞ்சம். கிராஸ்கன்ட்ரி பந்தயத்தில் ரொம்ப நாள் எல்லாரும் அப்படித்தான் ஓட்டினார்கள். 600 வெள்ளிக்குள் முடிகிற பெரிய குறைப்பு இதுதான்.

பதில்: கிராம் கணக்கு

தங்கச்சி, ட்ராப்பரில் கை வைக்காதீர்கள். வேகவளைவு சொன்ன கணக்கு சரி. ஆனால் அந்தப் பந்தயக்காரர்களே இப்போது ட்ராப்பர் போட ஆரம்பித்துவிட்டார்கள். சீட் இறங்கினால்தான் இறக்கத்தில் உடம்பைப் பின்னால், கீழே கொண்டுபோக முடியும். எஸ் சைஸ் ஃபிரேமில் 29 அங்குலப் பின்சக்கரம் இருக்கும்போது ஏற்கெனவே உங்களுக்கு அங்கே இடம் குறைவு. அந்த 400 கிராமை வேறு இடத்தில் எடுக்கலாம், வழி இருக்கிறது.

நான் பல வருஷம் சக்கரம் கட்டும் வேலை பார்த்தவள், அதனால் சக்கரத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன். நீங்கள் நிறுத்த எண்களிலேயே பதில் இருக்கிறது. இரண்டு டயர், இரண்டு நுரை வளையம் சேர்த்து 3 கிலோவுக்கு மேல். இது 85, 90 கிலோ ஆள் பாறைமேல் குதித்து இறங்குவதற்காகப் போட்டது. உங்களுக்கு இது தேவையே இல்லை. டபுள் டவுன் என்றால் டயரின் பக்கச்சுவர் இரண்டு அடுக்கு. எக்ஸோ என்பது ஒற்றை அடுக்கும் அதன்மேல் ஒரு பாதுகாப்புத் துணியும். 54 கிலோவுக்கு எக்ஸோ நன்றாகவே தாங்கும்.

முன்னால் டிசெக்டர் 2.4, எக்ஸோ, மேக்ஸ்டெரா ரப்பர் (மேக்ஸ்கிரிப்பைவிடக் கெட்டி, எளிதாக உருளும்). 930 கிராம் பக்கத்தில் இருக்கும். பின்னால் ரீகான் 2.4, எக்ஸோ, 830 வைத்துக்கொள்ளுங்கள். ஒரே மாடலிலேயே டயருக்கு டயர் முப்பது நாற்பது கிராம் முன்னே பின்னே வரும், கடையில் நிறுத்துப் பார்த்தே வாங்குங்கள். நுரை வளையங்களை எடுத்துவிடுங்கள். முன்னால் 360, பின்னால் 420, வளையங்கள் 520. மொத்தம் 1.3 கிலோ. செலவு 200 வெள்ளியை ஒட்டி வரும். கார்பன் சக்கரத்துக்கு 2,000 வெள்ளி கொடுத்தாலும் அரை கிலோ குறைந்தால் அதிகம்.

இதைவிடப் பெரிய லாபம் ரப்பரில் இருக்கிறது. மேக்ஸ்கிரிப் ரொம்ப மெதுவான, பசை மாதிரியான ரப்பர். ஈர வேரில் அருமையாகப் பிடிக்கும், ஆனால் உருளவே உருளாது. "வண்டி கிளம்ப மாட்டேன் என்கிறது" என்று எழுதியிருக்கிறீர்களே, அதில் பாதிக்கு மேல் எடை இல்லை, இந்த ரப்பர்தான் என்பது என் கணிப்பு. கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். நீங்கள், வண்டி, தண்ணீர், ஹெல்மெட், காலணி எல்லாம் சேர்த்து 73 கிலோ என்று வைப்போம். 100 மீட்டர் உயரம் ஏற நீங்கள் 130 வாட் கொடுத்தால் ஒன்பது நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும். வண்டியில் 1 கிலோ குறைத்தால் ஏழரை நொடி மிச்சம். அவ்வளவுதான். புக்கித் தீமா குன்றின் உச்சியே 164 மீட்டர்தான், பாதை அதைச் சுற்றித்தான் போகிறது. எடையை மட்டும் குறைத்தால் கடிகாரத்தில் பெரிதாக எதுவும் தெரியாது. உருளும் தடை குறைந்தால் மேட்டிலும் தெரியும், சமதளத்திலும் தெரியும்.

சக்கர எடை பற்றி ஒரு விஷயம். "சக்கரத்தில் 1 கிலோ என்றால் மற்ற இடத்தில் 2 கிலோ" என்று பலர் சொல்வார்கள். ஒரே வேகத்தில் மேடேறும்போது அது உண்மை இல்லை, 1 கிலோ எங்கே இருந்தாலும் 1 கிலோதான். வேகம் கூட்டும்போது மட்டும் விளிம்பில் இருக்கிற எடையை முன்னே தள்ளவும் வேண்டும், சுழற்றவும் வேண்டும். அப்போது கிட்டத்தட்ட இரட்டிப்பு வேலை. நம் ஊர்ப் பாதைகளில் நீண்ட ஏற்றம் எங்கே இருக்கிறது? வளைவு, பிரேக், மறுபடி மிதி, அடுத்த வளைவு. அதனால்தான் இங்கே டயர் எடை இவ்வளவு உறைக்கிறது. முழு சஸ்பென்ஷனில் இன்னொரு நன்மையும் உண்டு. சக்கரம் லேசானால் ஷாக் (பின்பக்க அதிர்வுத்தாங்கி) அதைச் சட்டென்று மேலே விடும், சட்டென்று கீழே கொண்டுவரும். வேர் அடுக்கில் டயர் மண்ணை விடாமல் ஒட்டி ஓடும். எடையை ஃபிரேமில் எடுத்தால் இந்த லாபம் வராது.

மற்றவை சுருக்கமாக. பெடலுக்கு நைலான் உடல் கொண்டது வாங்குங்கள், ஒன்அப் காம்போசிட் 355 கிராம். பாறையில் இடித்தால் வழுக்கிக்கொண்டு போகும், அலுமினியம் மாதிரி மாட்டிக்கொள்ளாது. ஈ.எஸ்.ஐ. சங்கி நுரை கிரிப் 60 கிராம். ஆனால் கை ரொம்ப வியர்த்தால் லாக்-ஆனே நல்லது, இந்த ஊர் ஈரப்பதத்துக்கு யோசித்து முடிவெடுங்கள். ஹேண்டில்பார் 780 மில்லிமீட்டராக இருக்கும் என்று நினைக்கிறேன். உங்கள் தோள் அகலத்துக்கு 740 போதும், இரண்டு பக்கமும் 20 அறுத்துவிடுங்கள். 15, 20 கிராம் குறையும். மரங்களுக்கிடையே புகுந்து போவதும் எளிதாகும். காசே இல்லாத வேலை.

கேசட்டை இப்போது மாற்ற வேண்டாம். டியோர் 10-51 கேசட் 593 கிராம், அதே அளவில் ஷிமானோவின் உயர்ந்த வகையான எக்ஸ்டி 470. கேசட் உட்காரும் ஃப்ரீஹப் அதே மைக்ரோ ஸ்ப்ளைன் வகை, அப்படியே ஏறிவிடும். ஆனால் எக்ஸ்டியில் பெரிய பற்சக்கரம் அலுமினியம், எஃகைவிடச் சீக்கிரம் தேயும். இப்போதுள்ளது தேயட்டும், புதுச் செயினோடு சேர்த்து அப்போது மாற்றுங்கள்.

டைட்டானியம் போல்ட் வேண்டவே வேண்டாம். டிஸ்க் போல்ட் பன்னிரண்டையும் மாற்றினாலும் பத்துப் பதினைந்து கிராம்தான் குறையும். முக்கியமாக, பின்சக்கரத்தைப் பிடிக்கும் ஸ்விங்ஆர்மின் பிவட் (மூட்டு) போல்ட்டில் இணையத்தில் கிடைக்கிற மலிவான லேசான போல்ட்டைப் போடாதீர்கள். அங்கே போல்ட்டின் வேலை இறுக்குவது மட்டும் இல்லை, ஷாக்கின் முழு வெட்டு விசையையும் அதுதான் தாங்குகிறது. பிரேக் காலிப்பர், ஸ்டெம் போல்ட்டுகளும் அப்படித்தான்.

உங்கள் தோழியின் 11 கிலோ வண்டியோடு ஒப்பிடாதீர்கள். அது 120 மில்லிமீட்டர் டிராவல் கார்பன் வண்டியாக இருக்கும். அந்த ஃபிரேமும் ஃபோர்க்குமே உங்களுடையதைவிட ஒன்றரை இரண்டு கிலோ குறைவு. உங்கள் வண்டி 14.3க்கு வரலாம். பிறகு கேசட், எப்போதாவது நல்ல விலையில் ஃபாக்ஸ் 34 போன்ற 1.8 கிலோ ஃபோர்க் கிடைத்தால் 13.7. அதற்குக் கீழே போக ஆசைப்பட்டால் ஃபிரேமையே மாற்ற வேண்டும்.

பதில்: கெத்தாம் பாறை

அக்கா சொன்னதில் ஒன்றை மட்டும் மறுக்கிறேன். கெத்தாம் பழைய கிரானைட் குவாரியின் ஓரம். அங்கே பாறை உருண்டை இல்லை, விளிம்பு வைத்த பாறை. நான் ரீகான் எக்ஸோ போட்டுத்தான் ஓட்டினேன். கறுப்பு வைரக் குறி போட்ட கடினமான பாதையில் பக்கச்சுவர் இரண்டு விரல் அகலத்துக்குக் கிழிந்தது. டயருக்குள் ஊற்றியிருந்த சீலன்ட் திரவம் அடைக்கவில்லை, ஓட்டையில் திணித்த பிளக்கும் நிற்கவில்லை. படகுத்துறை வரை தள்ளிக்கொண்டே வந்தேன். பின் வளையத்தையாவது விட்டு வையுங்கள். 260 கிராம்தானே.

பதில்: கிராம் கணக்கு

உங்கள் எடை என்ன, டயரில் எத்தனை பிஎஸ்ஐ காற்று?

பதில்: கெத்தாம் பாறை

88 கிலோ. பின்னால் 24.

பதில்: கிராம் கணக்கு

88 கிலோவுக்கு அந்தப் பாதையில் எக்ஸோ பத்தாது. உங்களுக்கு டபுள் டவுனோ வளையமோ வேண்டும், இதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. தங்கச்சி உங்களைவிட 34 கிலோ குறைவு, பாறையில் விழுகிற அடியும் அந்த அளவுக்குக் குறைவு. இருந்தாலும் நீங்கள் சொல்கிற விளிம்புக் கல் எடை பார்த்து வெட்டாது. அதனால் ஒரு நடுவழி சொல்கிறேன். பின்னால் ரீகானுக்குப் பதில் இன்னொரு டிசெக்டர், எக்ஸோ பிளஸ். நூறு நூற்றைம்பது கிராம் கூடும். பக்கச்சுவர் கெட்டி, பிரேக் பிடிக்கும் பற்களும் நல்லது. உபின் அவ்வப்போதுதான் என்றால் ரீகான், அடிக்கடி என்றால் இது. நுரை வளையம் இரண்டிலும் வேண்டாம். சீலன்ட் ஒரு டயருக்கு 100 மில்லி ஊற்றுங்கள். இந்த வெக்கையில் சீக்கிரம் காயும், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை திறந்து பாருங்கள். உபினுக்கு மட்டும் ஒரு டி.பி.யூ. (லேசான பிளாஸ்டிக்) டியூப் பையில் வையுங்கள், நூறு கிராம்கூட இல்லை. கிழிந்த இடத்தில் உள்ளே ஒரு ஒட்டுத்துணி வைத்து டியூப் போட்டுத் திரும்பி வந்துவிடலாம்.

பதில்: முப்பது விழுக்காடு

டயரைப் பற்றிச் சொல்லிவிட்டார்கள். நான் சஸ்பென்ஷன் பக்கம் வருகிறேன். 54 கிலோ என்றதும் எனக்கு முதலில் தோன்றியது, அந்த வண்டியின் ஷாக் இன்னும் பழைய ஆளுக்கான அழுத்தத்திலேயே இருக்கிறதோ என்பதுதான்.

ஓட்டும் உடையோடு, தண்ணீர்ப் பையோடு சீட்டில் உட்காருங்கள். ஷாக்கில் இருக்கும் ரப்பர் வளையம் எவ்வளவு நகர்கிறது என்று பாருங்கள். ஷாக் ஸ்ட்ரோக் (ஷாக் அமுங்கும் முழு நீளம்) 55 மில்லிமீட்டர் என்றால் 16, 17 இறங்க வேண்டும். இப்படி உட்கார்ந்ததும் இறங்கும் அளவுக்குச் சேக் என்று பெயர், இது 30 விழுக்காடு. அழுத்தம் அதிகமாக இருந்தால் பின்சக்கரம் வேரில் துள்ளும், பிடி கிடைக்காது. மேட்டில் சக்கரம் நழுவினால் மறுபடி மிதித்துக் கிளப்ப வேண்டும். அதையும் நாம் எடை என்றே நினைத்துக்கொள்கிறோம்.

அதைவிட முக்கியம் ரீபவுண்ட், அதாவது அமுங்கிய ஷாக் திரும்ப எழும் வேகம். பெரும்பாலான ஃபோர்க், ஷாக்குகளை 75, 80 கிலோ ஆளை மனதில் வைத்துத்தான் டியூன் செய்கிறார்கள். லேசான ஆளுக்குக் காற்றழுத்தம் குறைவு, ஸ்பிரிங் தள்ளும் விசையும் குறைவு. அதே ரீபவுண்ட் அமைப்பு உங்களுக்கு ரொம்ப மெதுவாகிவிடும். வேர்கள் அடுத்தடுத்து வந்தால் ஷாக் எழுந்து வருவதற்குள் அடுத்த வேர் வந்துவிடும், வண்டி மெல்ல மெல்ல உள்ளே புதைந்துபோகும். முன்சக்கரத்தைத் தூக்க முயன்றால் செத்த கட்டை மாதிரி கிடக்கும். ரீபவுண்டை வேகமான பக்கம் முழுதாகத் திறந்து, அங்கிருந்து ஒன்றிரண்டு கிளிக் மட்டும் மூடி ஓட்டிப் பாருங்கள்.

ஃபோர்க்கைத் திறந்து உள்ளே எத்தனை டோக்கன் (காற்றறையைச் சுருக்கும் பிளாஸ்டிக் துண்டு) இருக்கிறது என்றும் பாருங்கள். கனமான ஆட்கள் அடிதட்டாமல் இருக்க இரண்டு மூன்று போட்டு வைப்பார்கள். உங்களுக்கு ஒன்றுகூடத் தேவைப்படாது. அது இருக்கும்வரை 150 மில்லிமீட்டரில் கடைசி 40ஐ நீங்கள் தொடவே மாட்டீர்கள், அவ்வளவு டிராவலையும் சும்மா சுமந்து திரிவீர்கள். டயர் அழுத்தம் புது டயரில் முன்னால் 17, பின்னால் 20 பிஎஸ்ஐயிலிருந்து ஆரம்பியுங்கள்.

இன்னொரு விஷயமும் சொல்லத் தோன்றுகிறது. டவுன்ஹில் உலகக் கோப்பையில் சிலர் பாட்டம் பிராக்கெட் (பெடல் கைகள் சுழலும் அச்சு) பக்கத்தில் வேண்டுமென்றே எடைத் துண்டு வைத்து ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள், வண்டி தரையில் நிதானமாக இருக்கிறதா என்று. எடை கீழே, நடுவில் இருந்தால் அவ்வளவு கெடுதல் இல்லை. அதனால் டூல், டி.பி.யூ. டியூப், பம்ப் எல்லாவற்றையும் சீட்டுக்குக் கீழே தொங்கவிடாமல் ஃபிரேமின் அடிக்குழாய் பக்கம் கட்டுங்கள்.

பதில்: சாங்கிப் படகுத்துறை

எல்லாருக்கும் நன்றி. ஒவ்வொரு வரியையும் திரும்பத் திரும்பப் படித்தேன். செய்ததைச் சொல்கிறேன்.

முன்னால் டிசெக்டர் எக்ஸோ, கடையில் மூன்றை நிறுத்து லேசானதை எடுத்தேன்: 915. பின்னால் அக்கா சொன்ன நடுவழி, டிசெக்டர் எக்ஸோ பிளஸ்: 990. உபின் எனக்குப் பிடித்த இடம், அதை விட முடியாது. நுரை வளையங்களைக் கழற்றுவதுதான் பெரும்பாடு. டயரின் ஒரு பக்கத்தைச் சோப்புத் தண்ணீர் தடவி ரிம்மின் நடுப் பள்ளத்துக்குத் தள்ளிய பிறகுதான் லீவர் உள்ளே போனது. பெடலை நைலானுக்கு மாற்றினேன். பாரை 740க்கு அறுத்தேன். கை வியர்ப்பதால் கிரிப்பை மாற்றவில்லை. பெட்டி நிறுக்கும் தொங்கு தராசில் இப்போது 14.4 கிலோ. செலவு 300 வெள்ளிக்குள் முடிந்தது.

ஃபோர்க்கில் இரண்டு டோக்கன் இருந்தது. இரண்டையும் எடுத்தேன். ஷாக்கில் சேக் 10 மில்லிமீட்டர்கூட இல்லை! காற்றைக் குறைத்து 16க்குக் கொண்டுவந்தேன். ரீபவுண்ட் திறந்த பக்கத்திலிருந்து இரண்டு கிளிக். செஸ்ட்நட்டில் நான் எப்போதும் இறங்கித் தள்ளும் அந்த வேர்ப் படிக்கட்டில் முன்சக்கரம் நான் இழுத்த இழுப்புக்கு எழுந்தது. எடை குறைந்ததாலா, ரீபவுண்டாலா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை, இரண்டையும் ஒரே நாளில் செய்துவிட்டேன். சாங்கியில் நானே தூக்கிப் படகில் வைத்தேன். மேல்குழாயை ஒரு கையாலும் பின்சக்கரத்தை ஒரு கையாலும் பிடித்தால் போதும், யாரும் வரவேண்டியதில்லை.

மீதி 300 வெள்ளியைத் தொடாமல் ஃபோர்க்குக்கு ஒதுக்கி வைக்கிறேன். பழைய டபுள் டவுன் டயர்கள் பாதிக்கு மேல் பல்லோடு இருக்கின்றன. விற்றுவிடவா, வைத்துக்கொள்ளவா?

பதில்: கிராம் கணக்கு

அருமை. மினியனையும் ஒரு நுரை வளையத்தையும் கெத்தாம் பாறைக்கே கொடுங்கள், அவருக்குத்தான் வேண்டும். அசெகாயை வைத்துக்கொள்ளுங்கள். என்றாவது பைக் பார்க் போனால் முன்னால் போடலாம். வெயில் படாத இடத்தில், சீலன்ட்டை முழுதாகத் துடைத்துவிட்டு வையுங்கள். ஃபோர்க் வாங்குவதற்கு முன் உங்கள் ஃபிரேமின் ஹெட்டியூப் நீளத்தை அளந்து இங்கே போடுங்கள். பழைய ஃபோர்க்குகளில் ஹெட்டியூபுக்குள் போகும் ஸ்டியரர் குழாயை முன்பே அறுத்திருப்பார்கள். ஹெட்டியூப் குட்டையான எஸ் சைஸுக்கு அது பெரும்பாலும் பொருந்தும் என்பதால் உங்களுக்கு மற்றவர்களைவிட நிறையத் தேர்வு கிடைக்கும்.

பதில்: கெத்தாம் பாறை

மினியன் எனக்கு. அடுத்த ஞாயிறு சாங்கிப் படகுத்துறையிலேயே வந்து வாங்கிக்கொள்கிறேன், விலையைத் தனிச்செய்தியில் சொல்லுங்கள்.